அடுத்தவன் கையில் இருக்கும் சுவிட்ச்: எஸ்டோனியா தாக்குப்பிடிக்கும் விதம்

எஸ்டோனியா என்ற பெயரை நம்மில் பலர் முதன்முதலில் படித்தது தூத்துக்குடிச் செய்தியில்தான் இருக்கும். 2013 அக்டோபரில் 'சீமேன் கார்டு ஓகையோ' என்ற கப்பலை நம் கடலோரக் காவல்படை பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்ததே, துப்பாக்கிகளோடு 35 பேர் இருந்தார்களே, அதில் 14 பேர் எஸ்டோனியர்கள். கப்பல் ஓர் அமெரிக்க நிறுவனத்துடையது, கொடி சியரா லியோனுடையது, வேலை கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களுக்குக் காவல். அது எந்த எல்லைக்குள் நின்றது, யார் சட்டம் பொருந்தும் என்று வருடக்கணக்கில் வழக்கு நடந்து, 2016 ஜனவரியில் ஐந்தாண்டுச் சிறை என்றாகி, 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை செய்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மதுரையும் சுற்றுப்புறமும் சேர்ந்தால் எவ்வளவு ஜனமோ அவ்வளவுதான் அந்த நாட்டின் மக்கள்தொகை, ஏறக்குறைய 13 லட்சம். கிழக்கே ரஷ்யா. 1940இல் சோவியத் படை உள்ளே வந்தது, நடுவில் ஜெர்மன்காரர்கள் மூன்று ஆண்டு, மறுபடி சோவியத், 1991 ஆகஸ்டில்தான் விடுதலை. 2004இல் நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தார்கள். ஸ்கைப் மென்பொருளை எழுதியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். வரி கட்டுவது, கம்பெனி பதிவது, மருந்துச் சீட்டு, ஓட்டுப் போடுவது வரைக்கும் இணையத்தில்தான். 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இணையம் வழியே விழுந்தன.

தேசப் பாதுகாப்பு என்றதும் டாங்கி, ஏவுகணை, எத்தனை படைப்பிரிவு என்றுதான் பேச்சு ஓடும். அதையும் அவர்கள் செய்கிறார்கள், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்துக்கு மேல் ராணுவத்துக்கு என்று முடிவெடுத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறு. கடந்த இருபது வருடத்தில் அந்த நாடு ஒரே கேள்வியைத்தான் ஒவ்வொரு விஷயத்திலும் திரும்பத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறது: இதன் சுவிட்ச் யார் கையில் இருக்கிறது, அவன் அணைத்தால் நம்மிடம் இன்னொன்று இருக்கிறதா? பெரும்பாலும் அடிபட்ட பிறகுதான் கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் அடி 2007இல். தலைநகர் தாலினின் நடுவில் ஒரு வெண்கலச் சிப்பாய் சிலை நின்றது, 1947இல் சோவியத் ஆட்சி வைத்தது. எஸ்டோனியர்களுக்கு அது ஆக்கிரமிப்பின் சின்னம், அங்கே வாழும் ரஷ்யர்களுக்கு நாஜிகளை வென்ற தாத்தாக்களின் நினைவு. அரசு அதை ஏப்ரல் கடைசியில் பெயர்த்து ராணுவக் கல்லறைக்கு மாற்றியது. இரண்டு ராத்திரி கலவரம், ஒருவர் இறந்தார், நூற்றுக்கணக்கானோர் கைது. அதே ராத்திரிகளில் இன்னொன்றும் தொடங்கியது. நாடாளுமன்றம், அமைச்சகங்கள், பத்திரிகைகள், அப்புறம் பெரிய வங்கிகள் என்று ஒவ்வொரு தளமும் திணற ஆரம்பித்தது.

நடந்தது திருட்டு இல்லை, நெரிசல். உலகம் முழுக்க வைரஸ் புகுந்த, சொந்தக்காரருக்கே தெரியாமல் அடுத்தவன் சொல்கேட்கும் கம்ப்யூட்டர்கள் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் ஒரே வாசலுக்கு அனுப்பினால் உள்ளே போக வேண்டியவன் போக முடியாது. தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொள்வது மாதிரி. இது போதாதென்று ரஷ்ய மொழித் தளங்களில் 'இந்தக் கட்டளையை உங்கள் கம்ப்யூட்டரில் இப்படி அடியுங்கள்' என்று செய்முறைக் குறிப்பே போட்டிருந்தார்கள். ரஷ்யாவின் வெற்றி நாளான மே 9ஐ ஒட்டி உச்சம். வங்கிகளும் பத்திரிகைகளும் கடைசியில் செய்தது வெளிநாட்டிலிருந்து வரும் வாசலை அடைத்ததுதான். உள்ளூரில் இருப்பவர்கள் படிக்கலாம், ஆனால் தங்களுக்கு என்ன நடக்கிறது என்று வெளியுலகத்துக்குச் சொல்ல முடியாது. மாஸ்கோ தனக்குச் சம்பந்தமில்லை என்றது. யார் செய்தது என்று கைகாட்ட முடியாததுதான் இந்த ஆயுதத்தின் வசதியே.

அடுத்த வருடமே நேட்டோவின் சைபர் பாதுகாப்பு மையம் தாலினில் வந்தது. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, ஊர்க்காவல் படை மாதிரி அங்கே இருக்கும் தொண்டர் படையில் கணினிக்காரர்களுக்கென்றே ஒரு பிரிவு உருவானது. பகலில் வங்கியிலோ மென்பொருள் கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்கள் சாயங்காலமும் சனி ஞாயிறும் வந்து பயிற்சி எடுக்கிறார்கள். பலன் தெரிய பதினைந்து வருடம் ஆனது. 2022 ஆகஸ்டில் ரஷ்ய எல்லையோரம் இருக்கும் நார்வா நகரத்துச் சோவியத் டாங்கி நினைவுச்சின்னத்தை அகற்றியதும் 2007க்குப் பிறகான மிகப் பெரிய தாக்குதல் வந்தது. பெரும்பாலான ஜனத்துக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை.

சரி, வெளியிலிருந்து அடித்தால் தாங்குவார்கள். யாருமே அடிக்காமல் உள்ளே பூட்டே பழுதாகிவிட்டால்?

2017இல் அதுதான் ஆனது. செக் நாட்டுப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், எஸ்டோனிய அடையாள அட்டைக்குள் இருக்கும் சிப்பில் கணித ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். வெளியே எல்லாருக்கும் தெரியும் பொதுச் சாவியை வைத்துக்கொண்டே, செலவு செய்தால் உள்ளே இருக்கும் ரகசியச் சாவியைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். சிப் செய்தது ஜெர்மன் கம்பெனி, அதே சிப் உலகத்தில் வேறு எத்தனையோ இடங்களில் இருந்தது. ஆனால் அந்த அட்டையில் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி செல்லும், ஓட்டே போடலாம் என்று ஒரு தேசமே நம்பியிருந்தது எஸ்டோனியாவில்தான். ஏழரை லட்சம் அட்டைகள், அதாவது ஜனத்தொகையில் பாதிக்கு மேல். உள்ளாட்சித் தேர்தல் வேறு அடுத்த மாதம்.

அரசு மறைக்கவில்லை. செப்டம்பர் முதல் வாரமே பகிரங்கமாகச் சொன்னார்கள், தேர்தலையும் நடத்தினார்கள், நவம்பர் 3 நள்ளிரவோடு அந்த அட்டைகளின் பழைய டிஜிட்டல் சான்றிதழ்களை நிறுத்தினார்கள். போலீஸ் அலுவலகங்களில் வரிசை, சர்வர் மூச்சுத்திணறல், முதலில் டாக்டர்களும் அத்தியாவசியப் பணியாளர்களும் புதுப்பிக்கட்டும் என்று ஓர் ஏற்பாடு. அவர்கள் தப்பியதற்கு ஒரு காரணம், அதே சிப்புக்குள் வேறு வகைக் கணிதத்தில் இயங்கும் இரண்டாவது பூட்டு ஒன்றும் இருந்தது. அட்டையைத் தூக்கிப் போடாமல், வீட்டிலிருந்தபடியே பூட்டை மட்டும் மாற்ற முடிந்தது.

இரண்டாவது பிரதி என்ற யோசனையை அவர்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோனார்கள் என்பதற்கு லக்சம்பர்க்கில் இருக்கும் 'தரவுத் தூதரகம்' உதாரணம். எஸ்டோனியாவின் அரசிதழ் 2010இலிருந்து காகிதத்தில் வருவதில்லை, சட்டத்தின் அசல் என்பதே டிஜிட்டல் பிரதிதான். நிலப் பதிவேடு, மக்கள் பதிவேடு, கருவூலம் எல்லாம் அப்படியே. நாளைக்குப் படை உள்ளே வந்து சர்வர் அறையைக் கைப்பற்றினால், இந்த நிலம் யாருடையது, இவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதற்கே அத்தாட்சி கிடையாது. 1991க்கு அப்புறம் சோவியத் பறித்த சொத்துகளைத் திருப்பிக் கொடுக்க, போருக்கு முந்தைய பத்திரங்களைத் தேடி அலைந்த நாடு அது, அவர்களுக்கு இது கற்பனைப் பயம் இல்லை. ஆகவே 2017இல் லக்சம்பர்க்கோடு ஒப்பந்தம் போட்டு, அங்கே ஒரு தரவு மையத்தில் முக்கியப் பதிவேடுகளின் பிரதியை வைத்தார்கள். கட்டடம் லக்சம்பர்க்குடையது, உள்ளே இருக்கும் சர்வர்களுக்குத் தூதரகத்துக்கு உரிய பாதுகாப்பு மாதிரியே. அனுமதி இல்லாமல் லக்சம்பர்க் போலீஸே தொட முடியாது. ஒரு நாட்டின் மண் போனாலும் அரசு தொடர்ந்து இயங்கலாம் என்ற யோசனை இது. கேட்கும்போது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் தோன்றியது. 2022இல் ரஷ்யா உள்ளே வருவதற்கு ஒரு வாரம் முன்பு உக்ரைன் அவசரமாகச் சட்டத்தைத் திருத்தி அரசுத் தரவுகளை வெளிநாட்டு கிளவுடுக்கு மாற்ற ஆரம்பித்தது. போரின் தொடக்கத்திலேயே அரசுத் தரவு மையம் ஒன்றின்மீது ஏவுகணை விழுந்தது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இப்போது கரண்ட். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரி வரைக்கும் எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றின் மின்கட்டமைப்பும் ரஷ்யா, பெலாரஸோடு ஒரே வலையில் இருந்தது. நேட்டோவில் சேர்ந்து இருபது வருடம் ஆகியும்கூட. 2022இலேயே ரஷ்ய மின்சாரம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள், அப்படியும் அந்த வலையைவிட்டு வெளியே வர முடியவில்லை. வாங்கவில்லை என்றால் முடிந்தது என்றுதானே தோன்றும்? அங்கேதான் விஷயம். மாறுமின்சாரத்தில் (ஏசி) அதிர்வெண் என்று ஒன்று உண்டு, நமக்கும் அவர்களுக்கும் நொடிக்கு 50 சுற்று. ஒரு வலையில் இருக்கும் அத்தனை ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும். தேர் இழுப்பது மாதிரிதான்: வடத்தில் ஆயிரம் பேர் கை வைத்திருந்தாலும் இழுப்பது ஒரே வேகத்தில், ஒருவன் சட்டென்று கையைவிட்டால் மற்றவர்கள் தாங்குவார்கள், ஆனால் 'இழு' என்று குரல் கொடுப்பவன் ஒருவன் வேண்டும். அந்தக் குரல் மாஸ்கோவில் இருந்தது.

நமக்கு இது புரியாத சமாசாரம் இல்லை. 2012 ஜூலை 30, 31இல் வட இந்தியாவும் கிழக்கும் மொத்தமாக இருண்டு 60 கோடி ஜனம் தவித்தபோது தமிழ்நாட்டில் அது எட்டவில்லை, காரணம் அப்போது தென்மாநில வலை தனித் தாளத்தில் ஓடியது. (நமக்கென்று தனியாக இருந்த மின்வெட்டு வேறு கதை.) 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியே இரண்டும் ஒன்றானது. பெரிய வலையில் இருப்பது பலம்தான், யாரோடு சேர்ந்து வடம் பிடிக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பால்டிக் நாடுகள் எனப்படும் இந்த மூன்றும் 2025 கடைசியில் விலகுவதாக இருந்தன, உக்ரைன் போருக்குப் பிறகு தேதியை முன்னால் இழுத்தார்கள். இதற்கு ஐரோப்பிய ஒன்றியமே நூறு கோடி யூரோவுக்கு மேல் கொடுத்தது. எஸ்டோனியா மூன்று இடங்களில் பிரம்மாண்டமான சுழலும் இயந்திரங்களை நிறுவியது. இவை மின்சாரம் தயாரிப்பதில்லை, கனமான சக்கரம் மாதிரி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். தாளம் ஒரு கணம் தடுமாறினால் அந்தக் கனம்தான் தாங்கிப்பிடிக்கும். 2025 பிப்ரவரி 8 காலை ரஷ்யப் பக்கத்து லைன்களைத் துண்டித்தார்கள். லாட்வியாவில் எல்லைக் கம்பிகளையே வெட்டி இறக்கினார்கள். ஒரு நாள் முழுக்க மூன்று குட்டி நாடுகளும் தனித் தீவாக, தங்கள் தாளத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டன. மறுநாள் போலந்து வழியாக ஐரோப்பிய வலையில் சேர்ந்தார்கள். முந்தின வாரம் கடைகளில் ஜெனரேட்டர் விற்பனை சூடுபிடித்ததாகச் செய்தி, ஆனால் அன்று வீடுகளில் ஒரு பல்புகூட மினுக்கவில்லை. ஜனம் கவனிக்காமலே கடந்து போவதுதான் இந்தத் துறையில் வெற்றி, அதனால்தான் இதற்கு ஓட்டு விழுவதும் இல்லை.

ஆனால் ஒரு கட்டு அவிழ்ந்தால் இன்னொரு கட்டு இறுகும். ரஷ்யாவைவிட்டு விலகிய அளவுக்குக் கடலடிக் கேபிள்களை நம்பியாக வேண்டும். பின்லாந்திலிருந்து எஸ்டோனியாவுக்கு இரண்டு மின்கேபிள்கள், எஸ்ட்லிங்க் 1, எஸ்ட்லிங்க் 2. பெரியது இரண்டாவது, 650 மெகாவாட். பிரிவதற்கு ஆறு வாரம்தான் இருந்தது, 2024 கிறிஸ்துமஸ் அன்று எஸ்ட்லிங்க் 2 அறுந்தது. கூடவே நான்கு தொலைத்தொடர்புக் கேபிள்கள். ரஷ்ய எண்ணெய் ஏற்றிக்கொண்டு வந்த 'ஈகிள் எஸ்' என்ற டாங்கர் கப்பல் நங்கூரத்தைக் கடலடியில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் இழுத்துக்கொண்டே போயிருந்தது. பின்லாந்து படையினர் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிக் கப்பலைப் பிடித்தார்கள். எஸ்டோனியா மிச்சமிருந்த கேபிளுக்குக் காவலாக ரோந்துக் கப்பலை அனுப்பியது, நேட்டோ ஜனவரியில் பால்டிக் கடல் காவல் பணியைத் தொடங்கியது. இதற்கு முன்பு 2023 அக்டோபரில் ஹாங்காங் கொடி பறந்த ஒரு சரக்குக் கப்பலின் நங்கூரம் இரு நாடுகளுக்கும் இடையிலான எரிவாயுக் குழாயைக் கிழித்திருந்தது. அந்தக் கப்பல் அப்படியே போய்விட்டது. பிடிக்கவில்லையே என்ற ஆத்திரம்தான் அடுத்த முறை ஹெலிகாப்டராக இறங்கியது.

பிடித்து என்ன ஆனது? இங்கேதான் தூத்துக்குடி வருகிறது. ஈகிள் எஸ் பறக்கவிட்ட கொடி பசிபிக் கடலில் இருக்கும் குக் தீவுகளுடையது, மாலுமிகள் ஜார்ஜியர்களும் இந்தியர்களும். கேப்டன்மீதும் இரண்டு அதிகாரிகள்மீதும் வழக்கு, பழுதுபார்த்த செலவு மட்டும் குறைந்தது 6 கோடி யூரோ என்றது அரசுத்தரப்பு. அவர்கள் விபத்து என்றார்கள். கேபிள் அறுந்த இடம் பின்லாந்தின் பொருளாதார மண்டலம்தான் (மீன், எண்ணெய் மாதிரி வளங்களுக்கு உரிமை உள்ள வெளிக்கடல் பகுதி), அதன் சொந்தக் கடல் எல்லை இல்லை, ஆகவே எங்களுக்கு அதிகாரமில்லை என்று 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. அன்று எஸ்டோனியர்கள் நம் சிறையில், இப்போது நம்மவர்கள் பின்லாந்து கோர்ட்டில், இரண்டிலும் கடைசியில் தலைவலி கொடுத்தது அதே கேள்விதான், கரைக்கு அப்பால் யார் சட்டம்? கப்பலின் முதலாளி ஓரிடம், கொடி ஓரிடம், மாலுமி ஓரிடம் என்ற ஏற்பாடு வரி மிச்சம் பிடிக்க வந்தது. இப்போது அதுவே நல்ல முகமூடியாகிவிட்டது. தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் கேபிள் ஒரு தடிமனான கயிறு, நங்கூரம் ஓர் இரும்புக் கொக்கி, கடல் சட்டம் 1982இல் எழுதியது.

ஆகாயத்திலும் இதே பாடுதான். டார்ட்டு என்ற பல்கலைக்கழக ஊருக்கு ஹெல்சிங்கியிலிருந்து ஒரு விமானம் வரும். 2024 ஏப்ரலில் அடுத்தடுத்து இரண்டு நாள் அது இறங்க முடியாமல் திரும்பிப் போனது, ஜிபிஎஸ் சிக்னல் குழப்பப்பட்டிருந்தது, எஸ்டோனியா ரஷ்யாவைக் கைகாட்டியது. பெரிய விமான நிலையங்களில் தரையிலிருந்து வழிகாட்டும் வேறு முறைகள் உண்டு. டார்ட்டுவில் ஜிபிஎஸ் மட்டும்தான். ஒரு மாதம் சேவையை நிறுத்தி, ஜிபிஎஸ் இல்லாமல் இறங்க வழி செய்துவிட்டு ஜூனில் மறுபடி ஆரம்பித்தார்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு எஸ்டோனியாவைத் தலையில் தூக்கி வைத்து ஆட எனக்கு மனமில்லை. நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ரஷ்ய மொழி பேசுபவர், நார்வாவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். அந்த ஊரில் இக்கரையில் ஒரு கோட்டை, அக்கரையில் ரஷ்யக் கோட்டை, நடுவில் ஓர் ஆறுதான். மே 9 வந்தால் அக்கரையில் ரஷ்யா பெரிய திரை கட்டி, ஒலிபெருக்கி வைத்து, இந்தப் பக்கம் பார்த்தபடி கச்சேரி நடத்துகிறது. இக்கரையில் ஜனம் நின்று பார்க்கிறது. 2024 மே மாதம் எல்லையைக் காட்ட ஆற்றில் போட்டிருந்த மிதவைகள் 24ஐ ரஷ்ய எல்லைக் காவலர்கள் ராவோடு ராவாக எடுத்துப் போனார்கள். 2007இல் கம்ப்யூட்டர்களைத் திணறடித்தது மென்பொருள்தான், ஆனால் அதற்கு நெருப்பு மூட்டியது சிலையைச் சுற்றி இரண்டாகப் பிளந்து நின்ற ஓர் ஊர். அந்தப் பிளவுக்கு அவர்கள் கையிலிருக்கும் மருந்து எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. 2024இலிருந்து ரஷ்ய மொழிப் பள்ளிகளை எஸ்டோனிய மொழிக்கு மாற்றுகிறார்கள், 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தையே திருத்தி, அங்கேயே வாழும் ரஷ்யக் குடிமக்களின் உள்ளாட்சி வாக்குரிமையை எடுத்துவிட்டார்கள். அவர்கள் பயம் புரிகிறது. மொழியைத் தொட்டால் என்னவாகும் என்று நமக்கும் தெரியும். கேபிளுக்கு இன்னொரு கேபிள் போடலாம், நார்வாக்காரன் மனசுக்கு லக்சம்பர்க்கில் பிரதி வைக்க முடியாது.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே பெண்கள் தொண்டர் படை 2018இல் 'தயாராக இரு' என்ற பொருளில் ஒரு செயலி வெளியிட்டது. ஒரு வாரத்துக்குத் தண்ணீர், சமைக்காமல் சாப்பிடும் உணவு, மருந்து, பேட்டரியில் ஓடும் ரேடியோ என்று பட்டியல் போகிறது, செயலியும் நெட் இல்லாமல் திறக்கும். மத்திய வங்கி கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கச் சொல்கிறது, நெட் அறுந்தாலும் மளிகைக்கும் மருந்துக்கும் பெட்ரோலுக்கும் கார்டு செல்லுபடியாகும் ஏற்பாட்டில் வங்கிகளையும் இறக்கியிருக்கிறது. கடைக்கார இயந்திரம் கணக்கைக் குறித்துக்கொள்ளும், தொடர்பு வந்ததும் பணம் போகும், நடுவில் பொய்த்தால் நஷ்டம் யாருக்கு என்பதை முன்னாலேயே பேசிவைத்திருப்பார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்தான் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, இரண்டாம் நாளே டவரும் போனது. முழங்கால் தண்ணீரில் நடந்து முனைக் கடைக்குப் போனால் பர்ஸில் இருந்தது ஒரு இருபது ரூபாய் நோட்டு. எல்லாம் ஜிபேயில்தானே பழக்கம். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார், டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எழுதினார்: பால் 2, பிரெட் 1, மெழுகுவத்தி 1 பாக்கெட், மூன்றாவது மாடி. பெயர்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து மாடிகள் எழுதியிருந்தன. சிக்னல் வந்த அன்று முதல் வேலையாக அவருக்குப் பணம் அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனேன், என் வரியை அடித்துவிட்டு நோட்டைத் திரும்ப அதே இடத்தில் செருகினார்.